பழைய லேசர் மெஷின் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

தோல் சிகிச்சைக்கும் முடி நீக்கத்துக்கும் செகண்ட் ஹேண்ட் லேசர் மெஷின் பார்க்கப் போகும் டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “எந்த வருஷ மாடல்?” என்பதுதான். வருஷத்தை விட முக்கியமான கேள்விகள் மூன்று இருக்கின்றன. உள்ளே ஒளியை உண்டாக்கும் பாகம் எது, அதற்கு இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம்? திரையில் காட்டும் ஆற்றலில் எவ்வளவு உண்மையில் முனை வழியாக வெளியே வருகிறது? நாளை இது நின்றுபோனால் கழற்றிப் பார்க்க யார் வருவார், பாகம் எங்கே கிடைக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் விலை பேச வேண்டும். பதில்களில் பெரும்பகுதியை விற்பவரின் கிளினிக்கிலேயே அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

மெஷினுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அலைநீளம். சந்தையில் மலிவாகக் கிடைப்பது நம் ஊர்த் தோலுக்குப் பொருந்தாமல் போவது அடிக்கடி நடக்கிறது. 1983இல் ஆய்வாளர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் விளக்கிய கொள்கை இன்றும் அடிப்படை: அழிக்க வேண்டிய நிறமி உறிஞ்சும் அலைநீளம் வேண்டும், அந்த இலக்கு தன் வெப்பத்தைச் சுற்றுத் திசுவுக்குக் கடத்தும் முன்பே துடிப்பு (ஒருமுறை பாயும் ஒளி) முடிந்துவிட வேண்டும். முடி நீக்கத்தில் இலக்கு முடியிலுள்ள மெலனின். ஆனால் அதே மெலனின் மேல்தோலிலும் இருக்கிறது. அலைநீளம் குறையக் குறைய மேல்தோல் அதிகம் உறிஞ்சும். தோல் நிறத்தை 1 முதல் 6 வரை வகுக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவில் நம்மவர்கள் பெரும்பாலும் 4, 5; சிலர் 6. இந்தத் தோலில் 1064 நானோமீட்டர் என்டி-யாக் மிகப் பாதுகாப்பானது. 808 அல்லது 810 டயோடு, நீண்ட துடிப்பும் நல்ல குளிர்விப்பும் இருந்தால் வேலைக்கு ஆகும். 755 அலெக்ஸாண்ட்ரைட்டில் தவறு செய்ய இடம் குறைவு. 694 ரூபி, ஐபிஎல் (பல அலைநீளங்கள் கலந்த, லேசர் அல்லாத ஒளித்துடிப்பு) இரண்டிலும் அதைவிடக் குறைவு. வெளுத்த தோல் உள்ள நாடுகளில் நன்றாக ஓடிய அலெக்ஸாண்ட்ரைட் மெஷின் இங்கே பாதி விலைக்கு வந்தாலும், வரும் நோயாளிகளில் எத்தனை பேருக்கு அதைத் தைரியமாக வைக்க முடியும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஒளி பிறக்கும் இடம்

மெஷினின் வகையைப் பொறுத்துத் தேயும் பாகமும் மாறும்.

என்டி-யாக், அலெக்ஸாண்ட்ரைட் இரண்டிலும் படிகத் தண்டை ஒளியூட்டுவது செனான் ஃப்ளாஷ் லேம்ப். இது தேயும் பொருள், மாற்றத்தான் வேண்டும். லேம்ப் பழையதாக ஆக அதே ஆற்றலைத் தர மெஷின் அதிக மின்னழுத்தம் கொடுக்கும். நல்ல கம்பெனி மெஷின்களில் உள்ளேயே ஓர் அளவி இருந்து இதைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். அதனால் திரையில் எல்லாம் இயல்பாகத் தெரியும். சர்வீஸ் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, காலிபரேஷனின்போது (மெஷின் தன் ஆற்றலைத் தானே சரிபார்க்கும்போது) மின்னழுத்தம் எவ்வளவு ஏறுகிறது, அதன் உச்ச வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். வரம்பை நெருங்கியிருந்தால் லேம்ப் முடியும் கட்டத்தில் இருக்கிறது, அல்லது கண்ணாடியோ தண்டோ கருகியிருக்கிறது. லேம்ப் மாற்றுவது சாதாரணச் செலவு. கருகிய ஆப்டிக்ஸ் அப்படியல்ல. இரண்டில் எது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், பெரிய செலவு என்று வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும்.

மிகக் குறுகிய துடிப்பு தரும் க்யூ-ஸ்விட்ச்டு மெஷின்களில் பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. துடிப்பை நானோ நொடிகளுக்குச் சுருக்கும் பாக்கெல்ஸ் செல்லில் இருக்கும் படிகம் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. மூடி கசிந்தால் படிகம் பனிபடிந்தது போல மங்கிவிடும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ராத்திரி ஏசியை அணைத்துவிடும் கிளினிக்கில் இருந்த மெஷின் என்றால் இதைக் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும். அடுத்தது, 1064ஐ 532ஆக மாற்றும் கேடிபி படிகம். 532இல் ஆற்றல் மட்டும் குறைந்து 1064 சரியாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் அதில்தான்.

டயோடு மெஷினில் லேம்ப் கிடையாது. ஹேண்ட்பீஸுக்குள் (கையில் பிடித்துத் தோலில் வைக்கும் பகுதி) வரிசையாக அடுக்கிய டயோடு பார்கள்தான், அதாவது ஒளி தரும் சிறு பட்டைகள்தான், எல்லாம். மெஷின் விலையில் பெரும்பங்கு அந்த ஹேண்ட்பீஸ். பார்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும்; மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். 10 பாரில் 2 போனால் 20 சதவீத ஒளி போய்விட்டது, திரையில் எண் மாறாது. “முன்ன மாதிரி ரிசல்ட் இல்லை” என்று நோயாளிகள் சொல்லத் தொடங்குவதும் டாக்டர் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போவதும் இந்தக் கட்டத்தில்தான்.

ஷாட் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு கணக்கு. நகர்த்திக்கொண்டே அடிக்கும் முறையில் நொடிக்கு 10 ஷாட் என்றால் மணிக்கு 36,000. நாளுக்கு 2 மணி நேரம் ஒளி ஓடினால் 72,000. மாதம் 25 நாள் என்றால் 18 லட்சம், ஆண்டுக்கு 2 கோடியே 16 லட்சம். 2 கோடி ஷாட்டுக்கு உத்தரவாதம் தந்த ஹேண்ட்பீஸ், கூட்டம் உள்ள கிளினிக்கில் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். ஆகவே “நாலு வருஷம் நல்ல பிசி கிளினிக்கில் ஓடிய மெஷின், கவுண்ட்டர் 30 லட்சம்தான்” என்றால் இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. கவுண்ட்டர் ரீசெட் ஆகியிருக்கும், அல்லது போர்டு மாறியிருக்கும். மெஷினின் மொத்த எண்ணிக்கை, ஹேண்ட்பீஸின் எண்ணிக்கை இரண்டையும் தனித்தனியாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பீஸ் மாற்றியிருந்தால் அதற்கு பில் கேளுங்கள்.

சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) மெஷினில் பார்க்க வேண்டியது ஒளி பிறக்கும் வாயுக் குழாய். கண்ணாடிக் குழாயா, ஆர்எஃப் (ரேடியோ அலையால் இயங்கும்) உலோகக் குழாயா என்பதே விலையைப் பாதி தீர்மானிக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் வாயுக் கலவை, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காலப்போக்கில் கெடும். “அதிகம் யூஸ் பண்ணவே இல்லை, மூணு வருஷமா சும்மாதான் இருக்கு” என்பது கண்ணாடிக் குழாய்க்கு நற்சான்று அல்ல, எச்சரிக்கை. ஆர்எஃப் குழாய் நீண்ட நாள் உழைக்கும், பலவற்றை வாயு நிரப்பி மீண்டும் பயன்படுத்தவும் முடியும். ஆனால் அதற்கு அனுப்பி வாங்கும் காலம் முழுக்க மெஷின் நிற்கும்.

திரையில் வரும் எண்ணும் முனையில் வரும் ஒளியும்

ஆற்றல் அளவி இல்லாமல் பழைய மெஷின் பார்க்கப் போகக் கூடாது. சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. லேசர் சர்வீஸ் செய்யும் பொறியாளரை அளவியோடு அழைத்துப்போனால் போதும். விற்பவரோடு தொடர்பில்லாதவராக அவர் இருக்க வேண்டும். அளவியின் தலை அந்த அலைநீளத்துக்கும் அந்தத் துடிப்புக்கும் ஏற்றதா என்று முன்கூட்டியே கேளுங்கள். சிஓ2வுக்கான சாதாரணத் தலையில் நானோ நொடித் துடிப்பை விட்டால் மேல்பூச்சு பொசுங்கும், எண்ணும் தவறாக வரும்.

மருத்துவ லேசர்களுக்கான ஐஇசி 60601-2-22 என்ற சர்வதேசத் தரப்படி, வெளிவரும் அளவு அமைத்த அளவிலிருந்து கூடவோ குறையவோ 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. குறைந்த, நடுத்தர, உயர் அமைப்புகளில் தலா 10 ஷாட் அளந்து எழுதுங்கள். சராசரி மட்டும் போதாது. ஷாட்டுக்கு ஷாட் எண் குதிக்கிறதா என்பதும் வேண்டும். சராசரி சரியாக இருந்து ஒவ்வொன்றும் குதித்தால், பவர் சப்ளையோ லேம்ப்போ நிலைகுலைந்திருக்கிறது. ஒரே முகத்தில் ஒரு இடம் வெளுத்து இன்னொரு இடம் கருகுவது இப்படித்தான்.

அதன் பிறகு அரை மணி நேரம் வேலை செய்யும் ஆற்றலிலேயே ஓட்டி, தொடக்கத்திலும் 15ஆம் நிமிடத்திலும் 30ஆம் நிமிடத்திலும் அளக்க வேண்டும். விற்பவர்கள் இதற்குத் தயங்குவார்கள்; விடக் கூடாது. குளிர்ந்த மெஷின் ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருக்கும். சூடேறிய பின் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் குளிர்விப்பு சரியில்லை, அல்லது டயோடு, குழாய் களைத்துவிட்டது.

சில மெஷின்களின் பொய்யைக் காகிதத்திலேயே கண்டுபிடிக்கலாம். டயோடு முனை 12க்கு 20 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 2.4 சதுர சென்டிமீட்டர். திரை சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல் என்று காட்டினால் ஒரு துடிப்பில் 48 ஜூல் வர வேண்டும். அதே திரை துடிப்பின் நீளம் 20 மில்லி நொடி என்றும் சொன்னால், தேவைப்படும் உச்சத் திறன் 2,400 வாட். உள்ளே இருப்பது 600 வாட் டயோடு என்றால் 48 ஜூல் தர அதற்கு 80 மில்லி நொடி வேண்டும். ஆக, மூன்று எண்களில் ஒன்று பொய். பெரும்பாலும் அது ஜூல். இப்படிப்பட்ட மெஷினில் பழகிய கை, பிறகு உண்மையான 20 ஜூல் தரும் நல்ல மெஷினுக்கு மாறும்போதுதான் நோயாளிக்குத் தீக்காயம் வருகிறது.

துப்பாக்கி வடிவ ஹேண்ட்பீஸுடன் வரும் மலிவான க்யூ-ஸ்விட்ச்டு மெஷின்களிலும் இதே கதை. திரையில் 2,000 மில்லிஜூல் என்று இருக்கும். அளவியில் அதன் சிறு பங்கே வரும். லேசர் டோனிங்குக்கு (முகத்தின் கருமையைக் குறைக்கும் சிகிச்சை) 8 மில்லிமீட்டர் ஸ்பாட்டில் (தோலில் விழும் ஒளிவட்டம்) சதுர சென்டிமீட்டருக்கு 1.6 ஜூல் வேண்டுமென்றால் ஒரு ஷாட்டில் சுமார் 800 மில்லிஜூல் உண்மையாக வந்தாக வேண்டும். வராத மெஷினில் ஸ்பாட்டைச் சிறிதாக்கித்தான் வேலை நடக்கும்.

ஸ்பாட்டின் அளவையும் நம்பாமல் அளக்க வேண்டும். 500 மில்லிஜூல், 4 மில்லிமீட்டர் ஸ்பாட் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 ஜூல். லென்ஸ் நகர்ந்து உண்மை ஸ்பாட் 3 மில்லிமீட்டராக இருந்தால் அதே 500 மில்லிஜூல் 7 ஜூலாகிவிடும். ஆற்றல் அளவி இந்தத் தவறைக் காட்டாது. எரிகாகிதம்தான் காட்டும்.

காகிதத்தில் விழும் தடம்

லேசர் எரிகாகிதத்தில் ஒரு ஷாட் அடித்தால் கற்றையின் முகம் தெரிந்துவிடும். வட்டம் முழுதாக, ஒரே சீராக இருக்க வேண்டும். பிறை வடிவம் வந்தால் கண்ணாடி விலகியிருக்கிறது. வட்டத்துக்குள் தனியாகக் கருத்த புள்ளிகள் வந்தால் எங்கோ பூச்சு கருகியிருக்கிறது; அந்தப் புள்ளிகளில் ஆற்றல் சராசரியைவிடப் பல மடங்கு இருக்கும். டோனிங் செய்த முகத்தில் சிறுசிறு வெள்ளைப் புள்ளிகள் வருவதற்கு இத்தகைய சீரற்ற கற்றையும் ஒரு காரணம். நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும், போக மாதங்கள் ஆகும். டாக்டரின் கை சரியாக இருந்தும் வரும் கெடுதல் என்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் எந்த அவசரத்திலும் தவிர்க்கக் கூடாது.

ஏழு கண்ணாடிகள் கொண்ட ஆர்ட்டிகுலேட்டட் ஆர்ம் (ஒளியைக் கொண்டுவரும் மூட்டுக்கை) உள்ள மெஷினில், அந்தக் கையை நேராக, மடக்கி, பக்கவாட்டில், ஒவ்வொரு மூட்டையும் சுழற்றி வைத்து அடித்துப் பாருங்கள். தடம் ஒரே இடத்தில், ஒரே வடிவில் விழ வேண்டும். வழிகாட்டும் சிவப்புப் புள்ளியும் எரிந்த தடமும் விலகாமல் இருக்க வேண்டும். லாரியில் ஏறி இறங்கிய மெஷினில் முதலில் கெடுவது இதுதான். சரிசெய்ய முடியும், ஆனால் அனுபவம் உள்ள கை வேண்டும்.

தோலில் புள்ளி புள்ளியாக ஒளி விழும் ஃபிராக்ஷனல் சிஓ2 என்றால் தெர்மல் காகிதத்தில் எல்லா வடிவங்களையும் அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும். புள்ளிகளின் வரிசை வளைந்திருந்தாலோ, ஓரத்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலோ ஸ்கேனரில் கோளாறு. ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் தழும்பு வரும்.

டயோடு ஹேண்ட்பீஸில் சஃபையர் முனையை டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். முடித்தூள் சுட்டு ஒட்டிய கரும்புள்ளி, விரிசல், உள்ளே நீர்த்துளி மூன்றும் ஆபத்து. முனையின் குளிர்ச்சியைத் தொட்டு உணர்வது போதாது. அரை மணி நேர ஓட்டத்தின் முடிவிலும் வெப்பமானியில் அது குளிர்ந்தே இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்விக்கும் பெல்டியர் தட்டு களைத்திருந்தால், அதே ஜூலில் நேற்று தாங்கிய தோல் இன்று கொப்பளிக்கும்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். இவை வகுப்பு 4 லேசர்கள், அதாவது மிக அபாயமான வகுப்பு. 1064 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை போகும். அறையில் பளபளப்பான தட்டு, மோதிரம், வாட்ச் எதுவும் எதிரே இருக்கக் கூடாது. சாவி சுவிட்ச், அவசர நிறுத்தப் பொத்தான், கதவுத் துண்டிப்பு மூன்றும் வேலை செய்கின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள். பெட்டியை மட்டும் யாரும் ஆர்வத்தில் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னேற்றம் நிற்கும்.

தண்ணீர் சொல்லும் வரலாறு

மெஷினைப் பராமரித்தார்களா என்று விற்பவரிடம் கேட்பதை விட அதன் தண்ணீர்த் தொட்டியிடம் கேட்கலாம். கொஞ்சம் எடுத்து ஒரு வெள்ளை டம்ளரில் ஊற்றுங்கள். பச்சை, மஞ்சள் நிறமோ வழுவழுப்போ இருந்தால் ஆண்டுக்கணக்கில் மாற்றவில்லை. கரைந்த உப்பை அளக்கும் கைக்கடக்கமான டிடிஎஸ் மீட்டரில் எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பல கிளினிக்குகளில் குடிக்கும் ஆர்ஓ தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். அதில் உப்பு மிச்சம் இருக்கிறது. டயோடு பார்களின் அடியில் தலைமுடியை ஒத்த நுண்ணிய நீர்வழிகள் உண்டு. அங்கே படிவு சேர்ந்தால் அந்தப் பார் சூடாகிச் சாகும். ஃப்ளாஷ் லேம்ப் மெஷினில் உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். லேம்ப் முனைகள் அரிக்கும், பற்றவைப்புத் தவறும். பேட்டரி வாட்டர் என்று கடையில் விற்பதும் கேனுக்குக் கேன் மாறும். அயனி நீக்கிய நீரை வாங்கி, மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றுவதே சரி. ஃபில்டரும் அயனி நீக்கும் கார்ட்ரிட்ஜும் கடைசியாக மாற்றிய தேதி எழுதியிருந்தால், அந்த கிளினிக்கின் மற்றச் சொற்களையும் ஓரளவு நம்பலாம்.

பூட்டு, பாகம், காகிதம்

ஒளி நன்றாக இருந்தும் மெஷின் பயனற்றுப் போகும் வழிகள் இருக்கின்றன. சில மெஷின்களில் டீலர் தேதிப் பூட்டு வைத்திருப்பார். தவணைக்கு விற்றதற்காகவோ வாடகைக்கு விட்டதற்காகவோ போட்டது. குறிப்பிட்ட நாளில் கடவுச்சொல் கேட்டு நிற்கும். மெஷினின் தேதியை ஓராண்டு தள்ளி வைத்து, அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில ஹேண்ட்பீஸ்களில் சிப் இருக்கும். ஷாட் தீர்ந்ததும் கம்பெனியிடம் புதியது வாங்கியே ஆக வேண்டும். சில கம்பெனிகள் இரண்டாவது உரிமையாளருக்குப் பாகமோ சர்வீஸோ தருவதற்கு முன் மெஷினைப் பரிசோதித்து மறுசான்று தரத் தனிக் கட்டணம் கேட்கும். அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே சீரியல் நம்பரைச் சொல்லி கம்பெனிக்கு எழுதிக் கேட்டுவிட வேண்டும்: இந்த மாடலுக்கு இன்னும் பாகம் வருகிறதா, ஒப்பந்தம் தருவீர்களா, பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு? போனில் கிடைக்கும் பதில் போதாது. தோலில் குளிர்வாயு தெளிக்கும் மெஷின் என்றால், ஆர்-134ஏ கேனிஸ்டர் இங்கே தொடர்ந்து கிடைக்கிறதா என்பதும் அதே கடிதத்தில் சேர வேண்டும். கேனிஸ்டர் இல்லாமல் அந்த மெஷினைக் கருந்தோலில் பயன்படுத்தக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து நேராகப் பழைய மெஷின் தருவிக்க நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன, 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி இறக்குமதிக்கு எம்டி-15 உரிமம் வேண்டும். புதுப்பித்த சாதனங்களுக்கு அந்த விதிகளில் தனி ஏற்பாடு இல்லை என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 ஜனவரியில் சுங்கத் துறைக்கு எழுதியது. இணையத்தில் ஏலத்துக்கு வரும் மெஷினின் விலையைப் பார்த்து மயங்கிப் பணம் அனுப்பினால், துறைமுகத்திலேயே அது நிற்கும்.

உள்ளூரில் வாங்கும்போது அசல் பில், இறக்குமதி ஆவணம், சீரியல் நம்பர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வங்கிக் கடனில் வாங்கிய மெஷின் என்றால் கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்று இல்லாமல் தொடவே கூடாது. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு கிடையாது. ஆகவே மெஷினுக்குக் கட்டும் வரியில் உள்ளீட்டு வரவு கிடைக்குமா என்று ஆடிட்டரைக் கேட்டுவிட்டு பில்லின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்.

விலைக்கு வருவோம். கணக்குக்காக ஒரு டயோடு மெஷினை 6 லட்சம் சொல்கிறார்கள் என்று வைப்போம். புது ஹேண்ட்பீஸ் 3 லட்சம், இருக்கும் ஹேண்ட்பீஸில் ஆயுள் கால்வாசிதான் மிச்சம் என்றால், தேய்ந்துபோன 2 லட்சத்து 25 ஆயிரத்தை அப்படியே கழித்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். கழிக்க முடிவது கையிலிருக்கும் அளவீட்டுத் தாளால். மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் ஒரு பகுதியை, மெஷின் உங்கள் அறையில் நின்று அதே எண்களைத் திரும்பத் தந்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கிய பிறகு

ஏற்றும் முன் தண்ணீரை முழுதாக வடித்துவிட வேண்டும். ஆர்மைப் பூட்டி, ஹேண்ட்பீஸைத் தனியாகப் பொதிய வேண்டும். விமானத்தில் வந்தால் சரக்கறைக் குளிரில் மிச்சத் தண்ணீர் உறைந்து லேம்ப்பைச் சுற்றியுள்ள கண்ணாடிக் குழாயை உடைத்துவிடும். வந்திறங்கியதும் ஆன் செய்யாமல், ஏசி அறையில் ஒரு நாள் விட்டுவிடுங்கள்; ஆப்டிக்ஸில் படிந்த ஈரம் காயட்டும்.

மின்சாரமும் முன்பே தயாராக இருக்க வேண்டும். பெரிய அலெக்ஸாண்ட்ரைட் மெஷின்களுக்கு 16 ஆம்பியர் சாக்கெட் போதாது. தனி லைன், நல்ல எர்த், சர்வோ ஸ்டெபிலைசர் வேண்டும். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே எலெக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். அது சில வோல்ட்டைத் தாண்டினால் மெஷினை இணைக்காமல் முதலில் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு விற்பவர் இடத்தில் அளந்த அதே தாளை எடுத்து, அதே அமைப்புகளில் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். திரை எண், உண்மை எண் இரண்டும் கொண்ட இந்த அட்டவணையை மெஷின் மேலேயே ஒட்டிவைத்தால், சிகிச்சை தரும் ஒவ்வொருவரும் உண்மை எண்ணைப் பார்த்து வேலை செய்வார்கள். 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது; தீக்காயப் புகார் வந்தால் தேதியிட்ட அளவீட்டுத் தாள்தான் முதல் ஆவணம். பழைய மெஷினில் கிடைத்த அமைப்புகளை நோட்டிலிருந்து அப்படியே இதில் போடக் கூடாது. குறைந்த ஜூலில், மறைவான இடத்தில் சோதனை ஷாட். கருந்தோலில் நிறமாற்றம் மெல்ல வெளிப்படும் என்பதால் இரண்டு வாரம் பார்த்த பிறகே முழு அமர்வு. மூன்று மாதம் கழித்து அளவியை மறுபடி வரவழைத்து, அட்டவணையில் அடுத்த வரியை நிரப்புங்கள்.